முன்சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்பு வளைவு

போன வாரம் சில்வர் பீச்சில் நடை முடித்துச் சுக்குக்காப்பிக்கு நின்றபோது நான் ஏன் பாதியில் கிளம்பிப் போனேன் என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். சுகர் இறங்கிவிட்டதா, மருமகளோடு சண்டையா என்று வாட்ஸப்பில் விசாரணைக் கமிஷனே நடக்கிறது. உங்களுக்கு வேறு வேலை இல்லை. நம்மில் ஒருத்தி, தன் மருமகன் வாங்கியிருக்கும் பழைய காலத்துக் காரைப் போனில் காட்டினாள், ஞாபகம் இருக்கிறதா? அதன் உள்ளே கறுப்பாக ஒரு இரும்புக் குழாய் வளைந்து நின்றது. "ரோல் பாராம்டி. கார் கவுந்தாக்கூட கூரை நசுங்காதாம். இருபது நாளா ஒர்க்‌ஷாப்பே கதின்னு கெடக்குறாரு" என்று பெருமையாகச் சொன்னாள். நீங்கள் எல்லோரும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். நான் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவள் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. எங்கள் வீட்டுக் காருக்குள்ளும் அப்படி ஒன்று இருந்தது. அதைப் பற்றி இத்தனை வருஷத்தில் யாரிடமும் நான் பேசியதில்லை. நமக்கும் வயசாகிவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் குடியிருந்தோம். அப்பா வாடகைக்குக் கார் ஓட்டினார். அந்தக் காலத்திலேயே அது பழைய வண்டிதான். யாரோ ஒரு மிராசுதார் ஓட்டி ஓய்ந்ததை அப்பா வாங்கியிருந்தார். கறுப்பு நிறம், ஏறுவதற்குப் பக்கத்தில் படி, முன்னால் ஒரே நீளமான சீட்டு. கல்யாண மாப்பிள்ளைகளை ஏற்றி ஏற்றி உள்ளே எப்போதும் பெட்ரோலும் சந்தனமும் வாடிய மல்லிகையும் கலந்த ஒரு வாசனை இருக்கும். உள்கூரைக்குக் கருநீலத் துணி அடித்து நடுவில் பித்தளைப் பொத்தான்கள் வைத்திருந்தார்கள். பின்சீட்டில் படுத்துக்கொண்டு அவற்றை எண்ணுவேன். ஒவ்வொரு தடவையும் வேறு எண்ணிக்கை வரும். கணக்கில் நான் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

என் மாமா, அதாவது அம்மாவுக்கு ஒரே தம்பி, சிதம்பரத்தில் இருந்தார். அவர் மனைவி, என் அத்தை. அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு பையன். பங்குனி மாதம், எனக்கு முழுப் பரீட்சை தொடங்குவதற்கு முன்னால், அண்ணாகிராமத்துக்கு முந்திரிக்கொட்டை விஷயமாக வந்தவர் மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். "நான் பஸ்ஸுலயே போறேங்க்கா" என்றுதான் கிளம்பினார். அப்பா விடவில்லை. "வூட்டு வாசல்ல கார நிறுத்திவச்சிகிட்டு என் மச்சான் பஸ்ஸுல போறதா? ஏறுடா" என்று கையைப் பிடித்து இழுத்து முன்சீட்டில் உட்கார வைத்தார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கை காட்டினார்.

புதுச்சத்திரம் தாண்டி ரோட்டில் உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். நம் பக்கத்துப் பழக்கம் தெரிந்ததுதான். பிடுங்கிய செடியை ரோட்டில் போட்டுவிட்டால் போகிற வருகிற வண்டிச் சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும். அப்பா அதன் மேல் எத்தனையோ தடவை ஓட்டியவர். அன்று எதிரில் வந்த லாரிக்கு ஒதுங்கும்போது சக்கரம் அந்தச் செடியில் வழுக்கி, கார் ரோட்டோரப் பள்ளத்தில் தலைகீழாகக் கவிழ்ந்தது. இடது பக்கக் கூரை அப்படியே சீட்டின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. மாமா அங்கேயே போய்விட்டார். அப்பாவுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு.

அந்தச் சிராய்ப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. கையோ காலோ ஒடிந்திருந்தால் அப்பாவுக்கு அது ஒரு சமாதானமாகவாவது இருந்திருக்கும். சிதம்பரத்துச் சாவு வீட்டில் கட்டுக்கூடப் போட வேண்டாத அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அவருடைய முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. பிணத்தை எடுத்த பிறகு என்னிடம், "பரீட்ச இருக்கு, நீ அப்பாகூட போ. நான் கருமாதி முடிஞ்சாத்தான் வருவேன்" என்றாள். வருவேன் என்றுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் கடலூருக்குத் திரும்பினேன்.

அப்பா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அம்மா வருவாள், ஆனால் அந்தக் காரில் ஏற மாட்டாள், அதில் ஏறாத வரைக்கும் தன்னை மன்னித்ததாக ஆகாது என்று அவருக்கு எப்படியோ மனசில் விழுந்துவிட்டது. "கூரை மட்டும் நசுங்காம இருந்திருந்தா அவன் பொழச்சிருப்பான்" என்பதைப் பல் விளக்கும்போதும் சொல்வார், சோற்றைப் பிசையும்போதும் சொல்வார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு பந்தயக் காரை அவர் பார்த்திருந்தார். அதன் உள்ளே தரையிலிருந்து எழும்பி, கூரையை ஒட்டி வளைந்து, அந்தப் பக்கத் தரையில் இறங்கும் ஒரு இரும்புக் குழாய் இருந்ததாம். அதே மாதிரி ஒன்றை முன்சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டால் கார் எப்படிக் கவிழ்ந்தாலும் கூரை இறங்காது. அதைப் போட்டு, அந்தக் காரிலேயே கருமாதிக்குப் போய், அம்மாவை அதிலேயே அழைத்து வருவது. இதுதான் அவர் போட்ட திட்டம். எனக்கும் அது ரொம்பச் சரியாகத்தான் பட்டது.

காரை லாரியில் கட்டி இழுத்து வந்து எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் விட்டிருந்தார்கள். முதுநகர் துறைமுகத்தில் மீன்பிடி படகுகளுக்கு இரும்பு வேலை செய்யும் ஒரு வெல்டர் வந்தார். முதலில் நசுங்கிய கூரைக்கு உள்ளே மரக்கட்டையை நிறுத்தி, ஜாக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தகடு கிறீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். கருநீலத் துணியைக் கிழித்து எடுத்தபோது பொத்தான்கள் மண்ணில் கொட்டின. பொறுக்கி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை.

வளைவு எவ்வளவு உயரம் வேண்டும் என்று அளக்க முன்சீட்டில் ஒரு ஆள் உட்கார வேண்டும் என்றார் வெல்டர். மாமா உயரத்துக்கு ஒரு ஆள். தெருவில் மூன்று பேரை அப்பா கேட்டார். செத்தவன் இடத்தில் உட்கார யார் வருவார்கள்? எங்களுக்குச் சோறு கொடுத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்காவின் புருஷன் மட்டும் கிட்டே வரைக்கும் வந்தார். சீட்டில் இருந்த கறையைப் பார்த்துவிட்டு, "வேணாம் மச்சான், எம் பொண்டாட்டி கத்துவா" என்று நழுவிவிட்டார். கடைசியில் அப்பாவே போய் அங்கே உட்கார்ந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மாமா என்னவிட எவ்ளோ ஒசரம் பாப்பா?" என்று கேட்டார். நான் நாலு விரலைக் காட்டினேன். வெல்டர் சாக்குக் கட்டியால் கதவுத் தூணில் ஒரு கோடு போட்டார். அப்பா இறங்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதார். வெல்டர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

குழாய் வளைத்த விதம் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. வெறும் குழாயை வளைத்தால் வளைகிற இடத்தில் சப்பிப் போகும். அதனால் கெடிலம் ஆற்று மணலை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, குழாய்க்குள் கொட்டிக் கொட்டித் தட்டி நிரப்பி, ரெண்டு முனையிலும் மரக்கட்டையை அறைந்து, பிறகு அடுப்புக்கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்தார்கள். வறுத்த மணல் வாசனை தெரு முழுக்க வந்தது. யாரோ, "யாருடா பொரி வறுக்கிறது, எழவு வூட்டுக்காரன் வாசல்ல?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அப்பா காதிலும் விழுந்தது. அவர் இன்னும் வேகமாகத் துருத்தியை மிதித்தார்.

இதற்கிடையில் பால் தெளிக்கிற நாள் வந்தது, எட்டாம் துக்கம் வந்தது. அப்பா எதற்கும் போகவில்லை. நான் பரீட்சை எழுதிவிட்டு வந்து பார்க்கும்போதெல்லாம் அவர் காருக்குள் மல்லாந்து படுத்து எதையாவது அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். பெரியப்பா, அப்பாவின் அண்ணன், ரெண்டு பக்கத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் வந்து மனையிலேயே நின்று சத்தம் போட்டார்.

"அங்க உம் பொண்டாட்டி தெனமும் வாசலையே பாத்துகிட்டு ஒக்காந்திருக்காடா. போய் தலைய காட்டிட்டு வந்துடேன்."

"காரு முடியட்டும்ண்ணா. அதுலயே வரேன்."

"செத்த வூட்டுக்கு காரு எதுக்குடா? பஸ்ஸு ஓடல?"

"வெறுங்கைய வீசிகிட்டு எப்படிண்ணா போறது? எந்த மூஞ்ச வச்சிகிட்டு போறது?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகும்போது ஒன்றை மட்டும் சொன்னார். "உருமா நீதான் கட்டணும். அத மறந்துடாத."

எங்கள் சனத்தில் அது முக்கியமான முறை. பதினாறாம் நாள், கொள்ளி வைத்த பிள்ளையின் தலையில் புதுத் துண்டைச் சுற்றிக் கட்டுவார்கள். இனி இந்த வீட்டுக்கு நீதான் ஆம்பளை என்று ஊருக்குச் சொல்வது அது. முதல் உருமா தாய்மாமன் கட்ட வேண்டும். அத்தைக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்பாவைத்தான் அண்ணா என்று கூப்பிடுவாள். அந்த முறையில் முதல் உருமா அப்பாவுடையது.

பதினான்காம் நாள் வளைவைக் காருக்குள் நிறுத்தினார்கள். அப்பா ஆணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பெரியப்பா வந்து வெல்டருக்குப் பக்கத்தில் குந்தினார். நான் கார்ப் படியில் உட்கார்ந்து பூகோளம் படித்துக்கொண்டிருந்தேன். வெல்டர் சுத்தியலால் காரின் தரைத் தகட்டில் லேசாகத் தட்டினார். துரு பொலபொலவென்று கொட்டியது.

"உப்புக் காத்துல தகடு அப்பளமா கெடக்குண்ணே. நான் எதுல பத்தவைக்கிறது? கம்பி கெட்டிதான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா வண்டி கவுந்துச்சின்னா கம்பி தரைய பொத்துகிட்டு வெளிய வந்துடும். கூரை எறங்கத்தான் செய்யும். மொத நாளே இது எனக்குத் தெரியும். அவரு மூஞ்ச பாத்து சொல்ல வாய் வரல."

பெரியப்பா கொட்டிய துருவை விரலால் தள்ளிவிட்டார். "வுடு. அவன் மனசுக்கு ஒரு தெம்பு. முடிச்சிக் குடுத்துடு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஒண்ணும் அப்பாகிட்ட சொல்லிடாத, என்னா?" நான் தலையாட்டினேன். பெரியவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னால் அது நல்லதுக்குத்தான் என்று நம்பிய வயசு. அவர்களும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பதினாறாம் நாள் விடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. பெரியப்பா முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். நாங்கள் கிளம்பப் போனால் டிரைவர் பக்கக் கதவு சாத்தவில்லை. வளைவின் கால் அரை விரல்கடை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அடித்து, ராவி, எண்ணெய் போட்டு, கதவு சாத்தும்போது எட்டரை மணி. சீட்டைப் பின்னால் தள்ள வளைவு விடாததால் அப்பாவின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்து, "கம்பிய கெட்டியா புடிச்சிக்க" என்றார். புது பெயின்ட் கையில் ஒட்டியது.

ஒரு மணி நேர வழி. எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. உளுந்து அறுப்பு முடியவில்லை. ஆலப்பாக்கத்திலிருந்தே ரோட்டில் அங்கங்கே செடி பரப்பியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் அப்பா காரை நிறுத்தி, இறங்கிப் போய், களத்துக்காரர்களைக் கும்பிட்டு, செடியை ஒதுக்கச் சொல்லி, ஒதுக்கும் வரைக்கும் வெயிலில் நின்றார். "மேல ஏத்திகிட்டுப் போயேன்யா, அதுக்குத்தான போட்டிருக்கு" என்று ஒரு பொம்பளை கத்தினாள். அவர் தானே குனிந்து கையால் வாரினார். கவிழ்ந்த இடம் வந்தபோது கார் நின்றுபோகிற அளவுக்கு மெதுவாகப் போனது. நான் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்திருந்தேன். அதைப் பிடித்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது பந்தி முடிந்து எச்சில் இலைகள் தெருமுனைக்குப் போய்க்கொண்டிருந்தன. மாமாவின் பையன் தலைக்கு ஒவ்வாத பெரிய உருமாவோடு வாசலில் பலூன் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். முதல் உருமாவைப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கட்டிவிட்டார். பத்தரை வரைக்கும் பார்த்தார்களாம். அப்பா தோளில் மடித்துப் போட்டிருந்த புதுத் துண்டை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார்.

அம்மா வெளியே வந்தாள். பதினாறு நாளில் பாதியாகிவிட்டிருந்தாள். அப்பாவையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கா இத்தன நாளு?"

"கூரை இனிமே நசுங்காது. எத்தினி தடவ கவுந்தாலும் நசுங்காது. நீ பயப்படாம ஒக்காரலாம்" என்றார் அப்பா. பிச்சை கேட்கிற மாதிரி சொன்னார்.

அம்மா உள்ளே போனாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அவள் கையில் துணிப்பை இருந்தது. "பாப்பா, செருப்ப போட்டுக்க" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! சாவு வீடு என்பதையும் மறந்து குதித்தேன். அப்பா ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அத்தை வந்தாள். தாலி கழற்றி அரை நாள்கூட ஆகவில்லை, வாசல் தாண்டக் கூடாது. பின்னாலேயே ரெண்டு பெண்கள் பதறிக்கொண்டு வந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேராகக் காருக்கு வந்து, அம்மாவுக்காகத் திறந்திருந்த கதவு வழியாக முன்சீட்டில், மாமா உட்கார்ந்த இடத்தில், ஏறி உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த வளைவைத் தடவினாள்.

"இது இருந்திருந்தா அவரு பொழச்சிருப்பாராண்ணா?"

அப்பா முகத்தில் பதினாறு நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. யாராவது ஒருத்தர் இதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் அவர் காத்திருந்தார்.

"கண்டிப்பா பொழச்சிருப்பான்மா. ஒரு கீறல்கூட பட்டிருக்காது."

அத்தை தலையை ஆட்டினாள். அழவில்லை. "அப்ப மொதல்லயே போட்டிருக்கலாமேண்ணா" என்றாள்.

பெரியப்பா பந்தலுக்குள் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இல்லை, அந்தக் கம்பி தாங்காது, அது இருந்திருந்தாலும் மாமா போயிருப்பார் என்று எங்கள் ரெண்டு பேரில் ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். அவர் தரையைப் பார்த்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, அத்தையைக் கைப்பிடித்து இறக்கி, உள்ளே அழைத்துப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா எட்டு மாதம் கழித்துத்தான் வந்தாள், பஸ்ஸில். அதற்குள் அப்பா காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஒரு அரிசி மில்லில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சாப்பாடு போட்டாள், காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொண்டாள். மாமா பேச்சு மட்டும் ஒரு நாளும் வரவில்லை. பெரியப்பாவும் அந்தக் கம்பி விஷயத்தை யாரிடமும் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்தார்.

அன்று சிதம்பரத்திலிருந்து நாங்கள் ரெண்டு பேர் மட்டும் திரும்பினோம். அப்பா என்னை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். வெள்ளாற்றுப் பாலம் வந்தது. பாலத்தின் மேல் காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார். "நான் சொன்னது சரிதான பாப்பா? இது இருந்திருந்தா அவன் பொழச்சிருப்பான் இல்ல?"

இல்லப்பா என்று சொன்னால், முதலிலேயே கம்பி போடாமல் மாமாவைச் சாகவிட்ட பழி அவர் தலையிலிருந்து இறங்கும். ஆனால் அந்தப் பதினாறு நாளும் வீண், உருமா கட்டாமல் விட்டதும் வீண், அம்மா கதவைச் சாத்தியதும் வீண் என்று ஆகிவிடும். எதைத் தாங்குவார் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. கண்ணெல்லாம் சிவந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்பா, பொழச்சிருப்பாரு" என்றேன்.